பிறந்த குழந்தை இடையிடையே மூச்சை நிறுத்துவது ஏன்? ஆட்டுக்குட்டியும் எலிக்குட்டியும் தரும் விடை

பேறுகாலம் முடிந்து பிள்ளையோடு வீட்டுக்கு வந்த முதல் சில இரவுகளை எந்தத் தாயும் மறப்பதில்லை. பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வயிறு ஏறி இறங்கும். நாலைந்து மூச்சு வேகவேகமாக வரும். பிறகு திடீரென்று அசைவே இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் பெற்றவளுக்கு உயிர் போய் உயிர் வரும். "உம்மா, பிள்ளை மூச்சு விடல!" என்று பக்கத்து அறைக்குக் குரல் கொடுப்பாள். உம்மா எழுந்து வருவதற்குள் பிள்ளை ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி மூச்சுவிடத் தொடங்கியிருக்கும். "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான். நீயும் இப்படித்தான் இருந்தே" என்று சொல்லிவிட்டு உம்மா போய்ப் படுத்துவிடுவார்.

உம்மா சொன்னது பெரும்பாலும் சரிதான். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளும் தூக்கத்தில் ஐந்து முதல் பத்து வினாடி வரை மூச்சை நிறுத்தி, பிறகு தொடர்வதுண்டு. ஆனால் ஏன் இப்படி? பெரியவர்களான நமக்குத் தூக்கத்தில் மூச்சு சீராக வரும்போது, பிள்ளைக்கு மட்டும் ஏன் விட்டுவிட்டு வருகிறது? இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி ஆட்டுக்குட்டிகளிடமிருந்தும் எலிக்குட்டிகளிடமிருந்தும் கிடைத்தது. குறைமாதத்தில் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகள் இன்று பிழைத்திருப்பதில் அந்த விடைக்கும் பங்கு இருக்கிறது. எனவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

மூச்சு எதற்காக?

"ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சு முட்டும்" என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். அது பாதி உண்மை. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். அரை நிமிடம், முக்கால் நிமிடம் கழித்து நெஞ்சு தவிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஓரளவு போதுமான அளவிலேயே இருக்கும். தவிப்பை உண்டாக்குவது முதன்மையாக வெளியேறாமல் சேர்ந்துகொண்டிருக்கும் கரியமில வாயு. கீழக்கரைப் பக்கம் முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கு இந்தத் தவிப்பு நன்றாகப் பழக்கம். தண்ணீருக்குள் போவதற்குமுன் பலமுறை வேகமாக மூச்சை இழுத்து விட்டால் கூடுதல் நேரம் அடக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் கரியமில வாயுதான் முன்கூட்டியே வெளியேறிவிடும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும்போது எச்சரிக்க வேண்டிய தவிப்பு வராமலே மயக்கம் வந்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கிப்போவதற்கு இது ஒரு காரணம்.

1905ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். நுரையீரலின் காற்றுப் பைகளில் உள்ள கரியமில வாயுவின் அளவை உடல் வியக்கத்தக்க துல்லியத்துடன் ஒரே நிலையில் வைத்திருக்கிறது. அது துளி ஏறினாலும் மூச்சு பெருகுகிறது. இன்றைய கணக்கில் சொன்னால், நமது தமனி ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரசம். இது இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்தாலே நாம் உள்ளிழுக்கும் காற்றின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதே அளவு ஆக்ஸிஜன் குறைந்தால் உடல் கண்டுகொள்வதே இல்லை.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று 1977இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்தது. கோலோபோவ், கத்தினோனி உள்ளிட்ட மருத்துவர்கள் ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை வெளியே ஒரு செயற்கை நுரையீரல் வழியாகச் செலுத்தி, அதிலிருந்து கரியமில வாயுவை மட்டும் எடுத்தார்கள். பாதியை எடுத்தால் ஆட்டுக்குட்டி பாதி மூச்சுதான் விட்டது. இன்னும் கூடுதலாக எடுத்தால் இன்னும் குறைத்தது. உடல் உண்டாக்கும் கரியமில வாயு முழுவதையும் எடுத்தபோது மூச்சுவிடுவதையே நிறுத்திவிட்டது. குட்டிக்கு எந்தத் தவிப்பும் இல்லை. வெளியேற்ற ஒன்றும் இல்லாததால் மூச்சு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ரத்தத்தில் இந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று யாரோ கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளைகள் இரண்டு இடங்களில் இருக்கிறார்கள். ஒன்று கழுத்தில். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், இருபக்கமும் அரிசி மணி அளவில் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. இதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் கோர்னெய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இது முக்கியமாக ஆக்ஸிஜனையும், கூடவே கரியமில வாயுவையும் கவனிக்கிறது.

இரண்டாவது இடம் மூளைத்தண்டின் அடிப்புறம். பெரும்பங்கு வேலை இங்கேதான் நடக்கிறது. கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலமாகும். சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று தைப்பதற்கு அந்த அமிலமும் ஒரு காரணம். ரத்தத்தில் வாயு கூடினால் மூளையைச் சுற்றியுள்ள நீரிலும் அமிலத்தன்மை கூடும். மூளைத்தண்டின் அடிப்பரப்பில் உள்ள சில உயிரணுக்கள் அந்த அமிலத்தை உணர்ந்து, "இன்னும் ஆழமாக மூச்சு விடு" என்று ஆணையிடுகின்றன. எலியில் இப்படிப்பட்ட முக்கியமான ஒரு கூட்டத்தில் சுமார் இரண்டாயிரம் உயிரணுக்கள் உள்ளன. சுண்டெலியில் சில நூறு மட்டுமே. ஓர் உயிரின் மூச்சு முழுவதும் இவ்வளவு சிறிய கூட்டத்தை நம்பி இருக்கிறது என்பது நம்மை இன்னும் வியக்க வைக்கிறது.

கருவறையிலும் முட்டைக்குள்ளும்

இந்த உணரும் திறன் பிறக்கும்போதே முழுதாக இருக்கிறதா, பிறகுதான் வளர்கிறதா? இரண்டும் என்பதுதான் பதில்.

தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு மூச்சு தேவையில்லை. ஆக்ஸிஜன் தருவதும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்வதும் நஞ்சுக்கொடியின் வேலை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப்ரி டாஸ் குழுவினர் 1970களின் தொடக்கத்தில் செம்மறி ஆடுகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சினையின் கடைசிப் பகுதியில் குட்டி வயிற்றுக்குள்ளேயே மூச்சுவிடும் அசைவுகளைச் செய்வது தெரிந்தது. காற்று கிடையாது. நெஞ்சும் உதரவிதானமும் மட்டும் அசைகின்றன. அதுவும் எப்போதும் இல்லை. கண்கள் படபடவென்று அசையும் தூக்க வேளையில் மட்டும். தாய் ஆட்டுக்குக் கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்தால், வயிற்றுக் குட்டியின் இந்த ஒத்திகை மூச்சும் கூடியது. ஆகவே கணக்குப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்பது உறுதி. ஆனால் ஆக்ஸிஜனைக் குறைத்தபோது குட்டி கூடுதலாக மூச்சுவிடவில்லை, இருந்த அசைவையும் நிறுத்திக்கொண்டது. வெளியே வந்தபின் இருக்க வேண்டிய ஒழுங்குக்கு இது நேர்மாறு. கருவறையில் அதுவே சரி. காற்றில்லாத இடத்தில் நெஞ்சை அசைப்பது இருக்கிற ஆக்ஸிஜனை வீணாக்குவதுதானே.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கோழிமுட்டையில் இதே கதை வேறு விதமாக நடக்கிறது. அவித்த முட்டையை உரிக்கும்போது அகன்ற முனையில் ஒரு பள்ளம் தெரியும். அதுதான் முட்டையின் காற்றறை. குஞ்சு பொரிவது 21ஆம் நாள் என்றால், அதற்கு இரண்டு நாள் முன்பே அலகால் உள்சவ்வைக் கிழித்து இந்தக் காற்றறைக்குள் மூக்கை நீட்டிவிடும். வாழ்க்கையின் முதல் மூச்சு அங்கேதான். நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம். அந்த அறையிலோ 5 முதல் 6 சதவீதம். நம்மை அப்படி ஓர் அறையில் அடைத்தால் சில நிமிடங்களில் மூச்சிரைத்துக் கதவைத் தட்டுவோம். குஞ்சு அங்கேயே மூச்சுப் பழகி, பிறகுதான் ஓட்டை உடைக்கிறது.

எல்லா உயிர்களுக்கும் ஒரே கால அட்டவணை இல்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வாழும் ஜூலியா கிரீக் டன்னார்ட் நல்ல சாட்சி. எலி போன்ற உருவம் கொண்ட, பையில் குட்டி வளர்க்கும் விலங்கு இது. இதன் குட்டி பிறக்கும்போது ஓர் அரிசியைவிடச் சிறியது, எடை 20 மில்லிகிராம்கூட இருக்காது. நுரையீரல் இன்னும் தயாராகாததால் முதல் நாட்களில் ஏறக்குறைய முழுவதும் தோல் வழியாகவே ஆக்ஸிஜனை வாங்கி, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. 1999இல் இது வெளிவந்தபோது விலங்கியலாளர்களே திகைத்துப்போனார்கள். அவ்வளவு சிறிய உடலுக்குத் தோல் போதும். ஆட்டுக்குட்டிக்கோ நம் பிள்ளைக்கோ அந்த வசதி இல்லை. தொப்புள்கொடி அறுபட்ட கணத்திலிருந்து கரியமில வாயு ரத்தத்தில் ஏறத் தொடங்கும். குளிர்ந்த காற்றும் தொடுகையும் வெளிச்சமும் உடலை உசுப்பும். முதல் அழுகை அதன் விளைவு. காதில் பாங்கு சொல்லப் பிள்ளையை வாப்பா கையில் வாங்கும் முன்பே, அந்த உணரிகள் தம் வாழ்நாள் வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும்.

எலிக்குட்டியின் மூன்று வாரம்

எலிக்குட்டி கண் திறக்காமல், மயிர் இல்லாமல், அரைகுறையாகப் பிறக்கிறது. அதன் முதல் வார மூளையைக் குறைமாதக் குழந்தையின் மூளையோடு ஒப்பிடுவது ஆய்வாளர்களின் வழக்கம். அதனால்தான் இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் எலிகளில் நடந்திருக்கிறது.

சோதனை முறை எளிமையானது. குட்டியை வெதுவெதுப்பான, காற்றுப் புகாத சிறு கலத்தில் வைப்பார்கள். வெதுவெதுப்பு முக்கியம், ஏனெனில் பிறந்த எலிக்குட்டிக்குத் தன் உடல் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. கலத்துக்குள் செல்லும் காற்றில் சில சதவீதம் கரியமில வாயுவைக் கலந்து, மூச்சு எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு நாள் குட்டி, நாலு நாள் குட்டி, எட்டு நாள் குட்டி என்று வளர வளர அளந்தால் ஒரு வரைபடம் கிடைக்கும்.

நாம் எதிர்பார்ப்பது நாள் ஆக ஆகத் திறன் படிப்படியாக ஏறும் என்பது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் புட்னம் குழுவினர் 2001இல் வெளியிட்ட வரைபடம் அப்படி இல்லை. பிறந்த முதல் நாளில் குட்டி கரியமில வாயுவுக்கு நன்றாகவே பதில் தருகிறது. பிறகு அந்தப் பதில் குறைந்துகொண்டே போய், எட்டாம் நாள் வாக்கில் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதன்பின் மறுபடி ஏறி, மூன்றாம் வார இறுதியில் வளர்ந்த எலியின் நிலைக்கு வருகிறது. தெரிந்த ஒன்று நடுவில் மறந்துபோய் மீண்டும் நினைவுக்கு வருவதுபோல.

ஏன் இந்தப் பள்ளம்? மூளைத்தண்டில் கரியமில வாயுவை உணரும் கூட்டம் ஒன்றல்ல, பல. அவை எல்லாம் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை. நீலப்புள்ளி என்று அழைக்கப்படும் ஒரு கூட்டத்தின் உயிரணுக்கள் முதல் பத்து நாட்களில் மிகக் கூர்மையாக உணர்கின்றன, பிறகு மந்தமாகின்றன. செரடோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் இன்னொரு கூட்டம் இதற்கு நேர்மாறு. யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரிச்சர்சனும் சகாக்களும் 1990களின் இறுதியில் இந்த உயிரணுக்களைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள். முதல் பன்னிரண்டு நாட்கள் வரை அமிலம் கூடினாலும் அவை பெரும்பாலும் பேசாமல் இருந்தன. மூன்றாவது வாரத்துக்குப் பிறகே உரக்கக் குரல் கொடுத்தன. முதல் காவலாளி கிளம்பிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் வாசலில் ஆள் குறையும். எட்டாம் நாள் பள்ளத்தை நாம் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். இது முழு விளக்கம் என்று எந்த ஆய்வாளரும் சொல்லவில்லை. ஆனாலும் உயிரணுக்களின் நடத்தையும் குட்டியின் மூச்சும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

கழுத்தில் இருக்கும் உணரிக்கும் இது சிக்கலான காலம். கருவறையில் ஆக்ஸிஜன் அழுத்தம் 25 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த அளவுக்குப் பழகிய உறுப்பு, பிறந்ததும் அதைப்போல் இருமடங்குக்கு மேல் ஆக்ஸிஜனைப் பார்த்ததும் "எல்லாம் நிறைவாக இருக்கிறது" என்று கண்ணயர்ந்துவிடுகிறது. புதிய அளவுக்குத் தன்னை மாற்றிக்கொள்ள அதற்கு நாட்கள் முதல் வாரங்கள் வரை பிடிக்கிறது. ஆட்டுக்குட்டிகளில் 1980களில் இதை அளந்தார்கள். ஆக, மூளைத்தண்டில் பணி மாற்றம் நடக்கும் அதே காலத்தில் கழுத்துக் காவலும் தளர்ந்திருக்கிறது.

ஒரு கூட்டம் அறவே இல்லாமல் போனால்? 2008இல் பாரிஸ் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் ஃபாக்ஸ்-2பி என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைப் புகுத்தினார்கள். அந்தக் குட்டிகளின் மூளைத்தண்டு அடிப்பரப்பில் நாம் மேலே சொன்ன சில நூறு உயிரணுக்கள் உருவாகவே இல்லை. கரியமில வாயு கூடியதை உணராமல், மூச்சு நின்று, பிறந்த சில மணி நேரத்திலேயே அவை இறந்தன. ஆனால் அதே மரபணுவை அந்த இடத்தில் மட்டும் மாற்றியபோது வேறு காட்சி. அந்தக் குட்டிகளும் கரியமில வாயுவுக்குப் பதில் தரவில்லை, என்றாலும் பிழைத்துக்கொண்டன. வளர்ந்தபின் ஓரளவு பதில் தரவும் தொடங்கின. மற்றக் கூட்டங்கள் வந்து இடத்தை நிரப்பின என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த மரபணுவை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2003இல் மனிதக் குழந்தைகளில் அரிதாகக் காணப்படும் ஒரு பிறவி நோய்க்கு அதுவே காரணம் என்று தெரியவந்திருந்தது. இந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் அலனைன் என்ற ஓர் அமினோ அமிலம் வழக்கமாக 20 முறை அடுத்தடுத்து வரும். அது 24 முதல் 33 முறை வந்துவிட்டால் போதும், பிள்ளைக்குக் கரியமில வாயு தெரியாது. விழித்திருக்கும்போது பலரும் போதிய அளவு மூச்சுவிடுவார்கள். கனவற்ற ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு மிகவும் குறைந்துபோகும். எனவே வாழ்நாள் முழுவதும் இரவில் மூச்சுக் கருவி வேண்டும். மூச்சு முட்டும் உணர்வே இவர்களுக்கு இல்லாததால், தண்ணீருக்குள் மூச்சடக்கும் விளையாட்டு கூடாது என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் வற்புறுத்திச் சொல்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் தவித்து மேலே வரும்போது இந்தப் பிள்ளை நிம்மதியாகக் கீழேயே இருந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டி மிதவையும் குறைமாதப் பிள்ளையும்

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். பிள்ளைக்கு மூச்சு ஏன் விட்டுவிட்டு வருகிறது?

மாடித் தண்ணீர்த் தொட்டியில் தானாக மோட்டாரைப் போடும் மிதவை இருக்கும். தண்ணீர் ஓர் அடி குறைந்தால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே ஒரு விரற்கடைதான் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கை கழுவினாலும் மோட்டார் ஓடி, உடனே நிற்கும். நாள் முழுவதும் இதே கதைதான்.

ரத்தத்தில் கரியமில வாயு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மூச்சு நின்றுவிடும். ஆட்டுக்குட்டிச் சோதனையில் பார்த்தது அதுதான். பெரியவர்களுக்கு அந்த அளவு, இயல்பு நிலைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. கனடாவின் வினிபெக் நகரில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, பச்சிளங்குழந்தைகளில் அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே கீழே இருப்பதைக் காட்டியது. பிள்ளை ஒருமுறை பெருமூச்சு விட்டாலே போதும், வாயு வெளியேறி அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், மூச்சு நிற்கும். சில வினாடிகளில் வாயு சேரும், மூச்சு தொடங்கும். தாய் இரவில் பார்த்த காட்சி இதுதான். நிறைமாதப் பிள்ளையில் இது நோய் அல்ல. வாரங்கள் போகப்போகக் குறைந்துவிடும்.

குறைமாதப் பிள்ளையில் விஷயம் வேறு. அந்த வினிபெக் ஆய்விலும் பங்கேற்ற ஹென்ரிக் ரிகாட்டோ, 1975லேயே குறைமாதக் குழந்தைகள் கரியமில வாயுவுக்குத் தரும் பதில் பலவீனமானது என்றும், கருவில் இருந்த வாரங்களும் பிறந்தபின் கழிந்த நாட்களும் கூடக்கூட அது வலுப்பெறுகிறது என்றும் காட்டியிருந்தார். எலிக்குட்டி வரைபடத்தின் மனிதப் பக்கம் இது. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், 30, 31 வாரங்களில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கும் 20 வினாடிகளுக்கு மேல் மூச்சு நிற்பதுண்டு. இதயத் துடிப்பு குறைந்து, உதடு நீலமாகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவி அலறும், செவிலியர் ஓடிவந்து பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டுவார். பெரும்பாலும் அந்தச் சுண்டலே போதும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே அந்த அலறலைக் கேட்டுக்கொண்டு நின்ற குடும்பங்கள் நம்மிடையே நிறையவே உண்டு. கருவியின் ஒலி பல மாதம் காதைவிட்டுப் போகாது.

சுண்டுவது போதாதபோது மருந்து. அந்த மருந்து காஃபின், நம் காப்பியில் இருக்கும் அதே பொருள். மூளைத்தண்டில் மூச்சை அடக்கும் ஒரு சமிக்ஞையைத் தடுத்து, கரியமில வாயுவுக்கான கூர்மையைக் கூட்டுகிறது. பல நாடுகளின் மருத்துவமனைகளில் 1250 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறந்த 2006 குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவுகள் 2006, 2007இல் வந்தன. காஃபின் பெற்றவர்களுக்கு நுரையீரல் சேதம் குறைவாக இருந்தது. ஒன்றரை வயதில், பெரிய குறைபாடு இல்லாமல் பிழைத்திருந்தவர்களும் அவர்களில் கூடுதல். இதைப் படித்துவிட்டு எந்த வீட்டிலும் பிள்ளைக்குக் காப்பித்தண்ணீர் புகட்டிவிடக் கூடாது. மருத்துவமனையில் கொடுப்பது மில்லிகிராம் கணக்கில் அளந்த, சுத்திகரித்த மருந்து.

பிறந்த தேதியை அல்ல, பிறக்க வேண்டிய தேதியைக் கணக்கில் வைத்துத்தான் இந்த உணர்திறன் முதிர்கிறது. பெரும்பாலான குறைமாதப் பிள்ளைகளில் கருவிலிருந்து எண்ணி 37 வாரத்தில் மூச்சு சீராகிவிடும். மிக முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு 43 வாரம் வரை போகலாம். "எடைதான் ஏறிவிட்டதே, ஏன் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை?" என்று மருத்துவரிடம் சண்டை போடுமுன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

நம் வீட்டில்

பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடித் தூங்கவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கண்பட்டுவிடும், பனி படும், ஈ மொய்க்கும் என்று காரணங்கள். நாம் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கரியமில வாயு. தடித்த துணிக்குள் அதையே பிள்ளை திரும்பத் திரும்ப இழுக்கும். வளர்ந்த பிள்ளையாக இருந்தால் உணரிகள் எழுப்பிவிடும். முகத்தைத் திருப்பும், துணியை உதறும், அழும். பச்சிளம் பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை மெல்லத்தான் வரும், வந்தாலும் துணியை விலக்கக் கை பழகியிருக்காது. குப்புறப் படுத்து மெத்தையில் முகம் புதைந்தாலும் இதே நிலைதான். 1991இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், தெர்மோகோல் மணி நிரப்பிய மெத்தைகளில் குப்புறப் படுத்து இறந்த 25 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். முயல்களை அதே நிலையில் வைத்துச் சோதித்தபோது, தாம் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து அவை இறந்தன.

தூக்கத்தில் திடீரென இறந்துபோன குழந்தைகளின் மூளைத்தண்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பாஸ்டனின் ஹன்னா கின்னி குழுவினர், அவர்களில் பலருக்கு செரடோனின் கூட்டத்தில் குறை இருந்ததைக் கண்டார்கள். எலிக்குட்டியில் மூன்றாவது வாரத்தில் குரல் கொடுக்கத் தொடங்கிய அதே கூட்டம். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாப் பிள்ளைகளையும் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1994இல் இதற்கென்று பிரசாரம் தொடங்கியபின் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

தட்டையான, கெட்டியான படுக்கை. தலையணை, பஞ்சுப் பொம்மை, தடித்த போர்வை வேண்டாம். கொசுவலை வைத்த குடை நல்லது, காற்று தாராளமாகப் போய்வரும். ஏணையில் போட்டால் பிள்ளையின் தாடை நெஞ்சில் பதிந்து மூச்சுக்குழல் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவுத் தூக்கத்துக்குத் தட்டையான படுக்கையே பாதுகாப்பு. வாப்பாவோ வேறு யாருமோ வீட்டுக்குள் புகைபிடிக்கக் கூடாது, கர்ப்ப காலத்திலும்கூட. புகையிலை நஞ்சு இந்த உணரிகளின் வளர்ச்சியையே குலைக்கும்.

குளிப்பாட்டியபின் சாம்பிராணி போடும் கரி நெருப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற இன்னொரு வாயு சேரும். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது வேறு. கரியமில வாயுவுக்குத் தவிக்கும் உடல், இதற்குத் தவிப்பதே இல்லை, பெரியவர்களுக்கும்தான். தூபம் போட்டே ஆக வேண்டும் என்றால் கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு, பிள்ளையை வேறு அறையில் வைத்துப் போடுங்கள்.

மூச்சு 20 வினாடிகளுக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளாகவே உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, பிள்ளை துவண்டுபோனாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிக்கொண்டே 108க்கு அழையுங்கள். பிறகு மூச்சு வந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளுக்கு நேர்கின்றன. ஆறு மாதம் தாண்டியபின் அவை அரிது.